இவர் கழற்றிப் போட்ட மேனிஃபோல்டு

1978 பிப்ரவரி 8, புதன்

காலையில் பனி. பால் டெப்போ வரிசையில் சண்டை. நான் போடலை. போட்டிருக்கலாம்.

ஆபீஸ்ல டி.டி. கூப்பிட்டாங்க. துணை இயக்குநர் அம்மா, எல்லாருக்கும் டி.டி.தான். கிராமச் சத்துணவு மையங்களுக்கு மேற்பார்வையாளர் வேலை எனக்குன்னு சொன்னாங்க. டெல்லி ஓரத்துல நஜஃப்கட் தாண்டி உள்ள ஊர்கள். இத்தனை வருஷம் உக்காந்த இடத்துல பால் பவுடர் வந்துது போச்சுன்னு ஃபைல் பார்த்தாச்சு, இனிமே அது பிள்ளைங்க வாய்க்குப் போகுதான்னு நேர்ல பார்க்கலாம். அதுக்குள்ள ஒரு "ஆனா".

"ஆனா செல்வி, ஆபீஸ் வண்டி கிடையாது. சொந்த வண்டி வேணும், மூட்டை ஏத்தற மாதிரி. இருபதாம் தேதி இங்க காம்பவுண்டுல கொண்டு வந்து காட்டிடு."

இல்லேன்னா மல்ஹோத்ராவுக்கு. அவனுக்கு மாமனார் வீட்டு வேன் இருக்கு. கிராமத்துக்குப் போனா ஊர்த் தலைவர் பிரதான் வீட்டுக் கட்டில்ல சாய்ஞ்சு, டீ குடிச்சு, அங்கேயே ரிப்போர்ட்டும் எழுதிட்டு வர்ற ஆளு அவன்.

"எங்கிட்ட ஜீப் இருக்கு மேடம்"னு சொல்லிட்டேன். என் வாய் இருக்கே.

ஜீப் இருக்கு. குவார்ட்டர்ஸ் வாசல்ல, வேப்பமரத்தடியில, தார்ப்பாய்க்குள்ள. இவர் ராணுவ ஏலத்துல எடுத்தது. கொஞ்ச நாள் ஓட்டினார். அப்புறம் "சத்தம் ஜாஸ்தி, இழுவை இல்லை, மேனிஃபோல்டு வெடிச்சிருக்கு"ன்னு கழட்டினார். கழட்டினது கழட்டினதுதான். கேட்டா "அடுத்த ஞாயிறு". என் புருஷனுக்கு வருஷத்துல எல்லா ஞாயிறும் அடுத்த ஞாயிறு.

பிப்ரவரி 9, வியாழன்

இவர்கிட்ட சொன்னேன். பேப்பர்லேர்ந்து தலை நிமிரலை.

"மல்ஹோத்ரா பண்ணட்டுமே. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

"அலைச்சல் எனக்கு வேணும்."

"ஜீப்பை யார் ஓட்டறது?"

யார் ஓட்டறதாம். போன வருஷம் ஆபீஸ் டிரைவர்கிட்ட கத்துக்கிட்டு, லைசென்ஸ் எடுத்து, இவர் மூக்குக்கு நேரா காட்டினேன். "அச்சா, அச்சா"ன்னு சொன்னதும் இவர்தான். மறந்துடுச்சாம்.

இவரோட அம்மா, என் அத்தை, அடுப்படியிலேர்ந்து: "ஏளா, பொம்பளை ஜீப்பு ஓட்டுனா ஊர்ல என்ன பேசுவாவ?"

"இது திருநெல்வேலி இல்லை அத்தை, டெல்லி."

"டெல்லியில மட்டும் எவளுக்கும் வாய் இல்லாமலா இருக்கு?"

அந்த ஒரு விஷயத்துல அத்தை சொல்றது சரி.

கட்டிலுக்கு அடியிலேர்ந்து சாக்கை இழுத்தேன். எட்டுக்கால் பூச்சி, துரு, எலிப்புழுக்கை. உள்ளே மேனிஃபோல்டு. பின்னாடி மறந்துடாம இருக்க எழுதி வைக்கறேன்: இது ரெண்டு வார்ப்பிரும்புக் குழாய்க்கொத்து. ஒண்ணு கார்புரேட்டர்லேர்ந்து பெட்ரோல் கலந்த காத்தை இஞ்சினுக்குள்ள கொண்டு போறது. இன்னொண்ணு எரிஞ்ச புகையை வெளியே தள்றது. ரெண்டையும் நடுவுல போல்ட் போட்டுச் சேர்த்திருக்கு, புகையோட சூட்டுல மத்ததும் கொஞ்சம் சூடாகணும்னு. ஒண்ணு கொதிக்கும், பக்கத்துல இருக்கறது தாங்கிக்கணும். சரியான கூட்டுக் குடும்பம்.

வெடிச்சிருக்கறது புகைக் குழாய். விரல் நீளத்துக்கு.

நாலு மணிக்கே இருட்டற மாதிரி மேகம். மழை இல்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

ஆபீஸ்லேர்ந்து சீக்கிரம். வெளிச்சம் இருக்கும்போதே உக்காந்துட்டேன். நடு போல்ட் ஒண்ணும் அசையலை. மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வெச்சேன். ரேஷன் மண்ணெண்ணெய்னு அத்தைக்கு வயித்தெரிச்சல். "அடுப்புக்கு இல்லாத எண்ணெய் இரும்புக்கு!"

அப்புறம் ஸ்பேனர்ல குழாய் சொருகி, மேல ஏறி நின்னு மிதிச்சேன். ஒண்ணு வந்துது. இன்னொண்ணு வந்துது. மூணாவது முறிஞ்சுது. நாலாவது நல்ல பிள்ளையா வந்துது.

மாடி வீட்டு மிஸ்ஸஸ் சோப்ரா பால்கனியிலேர்ந்து: "செல்விஜி, பாயி சாஹப் கர் பே நஹீ ஹைங் க்யா?" வீட்டுக்காரர் வீட்ல இல்லியான்னு கேள்வி.

"ஹைங். சோ ரஹே ஹைங்." இருக்கார், தூங்கறார்.

இவர் தூங்கலை. உள்ளே ரேடியோ கேட்டுட்டிருந்தார். அதுவும் காதுல விழுந்திருக்கும். விழட்டும்.

புடவை பாழ். நாளையிலேர்ந்து இவரோட பழைய பேன்ட், மேல ஸ்வெட்டர்.

பிப்ரவரி 11, சனி

ரெண்டாம் சனி, லீவு. சாக்குல மேனிஃபோல்டைக் கட்டி பஸ்ல கரோல் பாக். கண்டக்டர் "பெஹன்ஜி, இஸ்மே லாஷ் ஹை க்யா?"ன்னான். பிணமான்னு கேக்கறான். பஸ்ஸே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை, கை அறுந்துக்கிட்டிருந்தது.

சந்துக்குள்ள வெல்டிங், லேத் எல்லாம் வெச்சிருக்கற சர்தார்ஜி. சாக்கைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்க்கலை. எனக்குப் பின்னாடி பார்த்தார்.

"பாயி சாஹப் கஹாங் ஹைங்?"

வீட்டுக்காரர் எங்கேயாம். வர வர இந்தக் கேள்வியை என் நெத்தியிலேயே பச்சை குத்திக்கலாம். பாயி சாஹப் வர மாட்டார், எங்கிட்ட பேசுங்கன்னேன். என்ன வெடிப்பு, எங்கே ஆரம்பிக்குது, எந்த போல்ட் முறிஞ்சு உள்ளே நிக்குது, எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "வீட்ல ஆம்பளைங்ககிட்ட கேட்டுட்டு வாங்க, பத்த வைக்கறதா, வேற வாங்கறதான்னு." அங்கேயே கத்தினேன். பக்கத்து டயர் கடைக்காரன் எட்டிப் பார்க்கற அளவுக்கு. அதுக்கப்புறம்தான் மனுஷன் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

மொதல்ல முழுசையும் சூடாக்கி, வெடிப்பை அடைச்சு, அப்படியே சாம்பல் தொட்டிக்குள்ள புதைச்சார். உடனே எடுக்கக் கூடாதாம். "சூடா இருக்கும்போது இதுக்கு எதிர்க்காத்தே ஆகாது. ஒரு கை தண்ணி பட்டுதுன்னா படக்குன்னு போயிடும்." செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். ஞாயிறு அவருக்கு லீவு, திங்கள் அங்க கடை அடைப்பு. இஞ்சின்ல ஒட்டி உக்கார்ற ரெண்டு முகப்பையும் மட்டமா சீவியும் தர்றதா ஏற்பாடு.

வர்ற வழியில பசி. கடலை வாங்கித் தின்னேன். நல்லா இருந்தது. அது மட்டும்தான் இன்னிக்கு நல்லா இருந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

நல்ல வெயில். இவர் நாற்காலியை வெயில்ல போட்டு உக்காந்து யோசனை சொல்லிக்கிட்டிருந்தார். நான் ஜீப்புக்குப் பக்கத்துல மல்லாந்து கிடக்கேன், இவர் அங்கேர்ந்து "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்". என்ன இடது பக்கம்? நான் என்ன பண்றேன்னே தெரியாது.

முடிச்சது:
இஞ்சின் பக்கத்துல முகப்பு சுரண்டியாச்சு. நடுவுல கசியாம இருக்க வைக்கற கேஸ்கட், பழசு, கல்லு மாதிரி.
இஞ்சின்ல நீட்டிக்கிட்டிருக்கற மரைக்கம்பி, அந்த ஸ்டட்களுக்குக் கம்பி பிரஷ். ஒரு ஸ்டட் மாத்தியாச்சு.
கார்புரேட்டர் கழுவியாச்சு. உள்ளே செத்த குளவி.
பேட்டரி சார்ஜுக்குக் கொடுத்தாச்சு.

பாக்கி: கேஸ்கட், நட்டு, டயருக்குக் காத்து, பெட்ரோல், பொறுமை.

மத்தியானம் இவரோட சிநேகிதர் ரெண்டு பேர் சீட்டாட வந்தாங்க. வாசல்ல என்னைப் பார்த்துட்டு ஒருத்தர், "என்ன சண்முகம், வீட்லயே மெக்கானிக் வெச்சிருக்கே?" இவர் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் நான் பி.எஸ்ஸி.ன்னு யாரோ சொன்னப்ப சிரிச்சாரே, அதே சிரிப்பு. மூணு பேருக்கும் டீ போட்டது நான்தான், கிரீஸ் கையோட. ஒரு கிளாஸ்ல கொஞ்சம் கிரீஸ் போயிருக்கும். போகட்டும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மேனிஃபோல்டு வந்தாச்சு. வெல்டிங் சுத்தம். டிரெஸ்ஸிங் டேபிள் மேல் கண்ணாடியைக் கழட்டிக் கீழே போட்டு அதுமேல வெச்சுப் பார்த்தேன். ஆடலை. ஒரு பக்கத்துலயும் ஒளி கசியலை. கண்ணாடியில கோடு விழுந்துடுச்சு. நான் என்ன பெரிசா அதுல முகம் பார்த்துட்டிருக்கேன்.

அதுக்கு முன்னாடி, ஆபீஸ் முடிஞ்சதும் காஷ்மீரி கேட். உதிரி பாகக் கடை. கேஸ்கட் கேட்டா, கடைக்காரன் "டிரைவர் கோ பேஜோ பெஹன்ஜி". டிரைவரை அனுப்பணுமாம்.

"டிரைவர் மைங் ஹூங்." நான்தான் டிரைவர்னேன்.

சிரிச்சான். மாடல் சொன்னேன், பழைய கேஸ்கட்டை முகத்துக்கு நேரா நீட்டினேன். எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போதும் சிரிப்பு போகலை.

மல்ஹோத்ரா இன்னிக்கு ஆபீஸ்ல: "மிஸ்ஸஸ் சண்முகம், மாட்டு வண்டி கொண்டு வந்தாலும் டி.டி. ஒத்துக்குவாங்க, கவலைப்படாதீங்க." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அதை நினைச்சா இப்போ பத்திக்கிட்டு வருது. ஏன் சிரிச்சேன்?

பிப்ரவரி 16, வியாழன்

எழுதவே கை வரலை, அவ்வளவு கோபம்.

சாயங்காலம் வர்றேன், இவர் வாசல்ல கை கழுவிக்கிட்டு நிக்கறார். முகமெல்லாம் பல்லு. "உனக்கு சர்ப்ரைஸ். மாட்டி முடிச்சாச்சு. அரை நாள் லீவு போட்டேன்."

போய்ப் பார்த்தா, நினைச்ச மாதிரியே. ரெண்டு குழாய்க்கொத்தையும் மொதல்ல ஒண்ணோட ஒண்ணு மூச்சு முட்ட இறுக்கிட்டு, அப்புறம் இஞ்சின்ல மாட்டியிருக்கார். தலைகீழ். மொதல்ல லேசா சேர்த்து, இஞ்சின்ல உக்கார வெச்சு, நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். அதுஅது அதோட இடத்துல உக்காந்த பிறகுதான் நடு போல்ட். ஞாயித்துக்கிழமை ஜீப்போட பழைய மேனுவலை நான் வாய்விட்டுப் படிச்சேன், இவர் பக்கத்துலதான் இருந்தார், வெயில் காஞ்சுக்கிட்டு.

கடைசி முகப்பு உக்காரவே இல்லை. போஸ்ட் கார்டு போற இடைவெளி. வலுக்கட்டாயமா நட்டு முறுக்கியிருக்கார், கேஸ்கட் நசுங்கிப் போச்சு.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"என் வண்டியைத் தொட யாரைக் கேக்கணும்?"

"ரெண்டு வருஷம் சாக்குல கிடந்தப்போ யார் வண்டி?"

"உதவி பண்ணினா இப்படியா?"

"உதவி! இதுக்குப் பேர் உதவின்னா உபத்திரவத்துக்கு என்னன்னு பேர் வைக்கறது?"

அத்தை நடுவுல புகுந்து "ஏய்யா, அவா வேலையில நீ ஏன் கை வைக்க?"ன்னாங்க. அத்தை என் பக்கம் பேசறது இதுதான் மொதல் தடவை. இவர் உள்ளே போய் ரேடியோவைச் சத்தமா வெச்சார்.

எல்லாத்தையும் கழட்டினேன். நல்ல காலம், எதுவும் உடையலை. நாளைக்குத் திரும்பவும் காஷ்மீரி கேட், அந்தச் சிரிப்புக்காரன் கடை.

பிப்ரவரி 18, சனி

ஓடுச்சு!

விடிஞ்சதும் ஆரம்பிச்சேன். ஒழுங்கு தப்பாம மாட்டினேன். ஒவ்வொரு நட்டா, அவசரப்படாம. மிஸ்ஸஸ் சோப்ரா மேலேர்ந்து பார்த்துட்டே வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. ஆபீஸ் அரை நாள், போய்ட்டு ஓடி வந்து பேட்டரி, பெட்ரோல். மொதல் தடவை இருமுச்சு. அடுத்த தடவையும் இருமுச்சு. அப்புறம் பிடிச்சுக்கிச்சு.

சத்தம் எவ்வளவு அடக்கம் தெரியுமா! எங்கேயும் புஸ்ஸுன்னு கசிவு இல்லை. வெறும் கையை முகப்புக்குப் பக்கத்துல காட்டிக் காட்டிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, என் கையாலே பண்ணின வேலை இது.

சத்தம் கேட்டதும் இவர் பனியனோட ஓடி வந்து டிரைவர் சீட்ல ஏறி உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிச்சார். "பார்த்தியா, நம்ம வண்டி!" அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து இவர்கிட்ட கை குலுக்கினாங்க. "பதாயி ஹோ சண்முகம்ஜி!" வாழ்த்தெல்லாம் இவருக்கு. இவரும் குலுக்கினார். ஒருத்தர்கிட்டயாவது "நான் இல்லை, இவ"ன்னு சொல்லணுமே? ம்ஹூம்.

நாளைக்குச் சூடு பண்ணி, ஆற விட்டு, ஒரு தடவை நட்டெல்லாம் இறுக்கணும். அவ்வளவுதான் பாக்கி.

பிப்ரவரி 19, ஞாயிறு

காலையில குளிர் காத்து. இஞ்சினை ஓட விட்டு, பானெட்டைத் திறந்து வெச்சு, கசிவு இருக்கான்னு பார்த்துக்கிட்டு நின்னேன். புகைக் குழாய் நல்லா கொதிச்சுக்கிட்டிருந்தது.

அத்தை தட்டோட வர்றாங்க. எலுமிச்சம்பழம், கற்பூரம், ஆலம். நான் கேக்கவே இல்லை, தானா ஏற்பாடு பண்ணியிருக்காங்க. சரி, ஆசையா செய்யறாங்கன்னு நானும் ஒதுங்கினேன். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. "ஏய்யா, நீ ஏறி உக்காரு"ன்னு இவரைக் கூப்பிட்டாங்க. இவர் வேட்டி, சட்டையோட தயாரா இருந்தார். ஏறி உக்காந்தார். நெத்தியில திருநீறு, குங்குமம். நான் கீழே, கையில ஸ்பேனர்.

அப்பவே கத்தியிருக்கணும்.

அத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணியை இவருக்கும் வண்டிக்கும் சேர்த்துச் சுத்தினாங்க. சுத்தினா என்ன பண்ணுவாங்க, தெருவுல கொட்டுவாங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான். அத்தை திறந்திருக்கற பானெட்டுக்கு முன்னாடி வந்து நின்னாங்க.

"இதுலதான பிள்ளை இத்தனை நாளு உயிரை விட்டா. மாடிக்காரி கண்ணு பூராவும் இதுலதான் பட்டுருக்கு."

நான் "அத்தை, வேண்டாம்"னு சொல்றதுக்குள்ள மொத்தத் தட்டையும் அதுமேலயே ஊத்திட்டாங்க.

சொய்ங்னு ஆவி. ணங்குன்னு ஒரு சத்தம். அடுத்த நொடி வேற சத்தம், டபடபடபன்னு, காது கிழியற மாதிரி. குழந்தைங்கள்லாம் ஓடிச்சு. வெல்டிங் போட்ட இடத்துக்குப் பக்கத்துலேயே புதுசா வெடிச்சு, அடி வரைக்கும் இறங்கியிருக்கு.

அத்தை தட்டைப் போட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "நான் என்னளா பண்ணிட்டேன், என்னளா பண்ணிட்டேன்." அவங்களைத் திட்ட வாயைத் திறந்தேன். சத்தியமா திறந்தேன். அப்பத்தான் இவர் சீட்டுலேர்ந்து சொன்னார்:

"போனா போகுது விடு. மல்ஹோத்ராவே பண்ணட்டும். எல்லாம் நல்லதுக்குத்தான்."

முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இல்லை. நிம்மதி. குங்குமம் வெச்ச முகத்துல நல்லா பளிச்சுன்னு தெரிஞ்சுது. இவ்வளவு நாளும் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தார், நான் இந்த வேலைக்குப் போயிடக் கூடாதுன்னு.

ஞாயிறு, ஒரு கடை இல்லை. சர்தார்ஜி செவ்வாய்க்கிழமைதான். நாளைக்கு இருபது.

பிப்ரவரி 20, திங்கள்

காலையில டீ குடிக்கும்போதே யோசிச்சு முடிச்சாச்சு. உடைஞ்சது புகை வெளியே போற குழாய். உள்ளே போறது முழுசா இருக்கு. அப்போ இஞ்சின் ஓடும். சத்தம் போடும், அவ்வளவுதான். கூரையில்லாத ஜீப், புகை காத்துல போயிடும். டி.டி. வண்டி ஓடணும்னுதான் சொன்னாங்க, வாயை மூடிக்கிட்டு ஓடணும்னு சொல்லலை.

இவர்: "பைத்தியமா உனக்கு? இந்தச் சத்தத்தோட, ஒரு பொம்பளை, டெல்லி ரோட்டுல? எல்லாரும் திரும்பிப் பார்ப்பான்."

"பார்க்கட்டும்."

அத்தை சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு வந்தாங்க. கண்ணு வீங்கியிருந்தது. "நானும் வாரேன்ளா. நாந்தான் ஊத்துனேன்னு ஒங்க ஆபீசர்ட்ட சொல்லுதேன்." வேண்டாம்னேன். கோபம் இன்னும் முழுசா போகலை. ஆனா வண்டி எடுக்கும்போது அவங்க தார்ப்பாயை மடிச்சுப் பின்னால வெச்சாங்க, "மூட்டை நனையாம இருக்கும்"னு.

ரிங் ரோடு பூரா திரும்பிப் பார்த்தான். சிக்னல்ல ஒரு ஸ்கூட்டர்காரன் காதைப் பொத்தினான். ஒரு போலீஸ்காரன் கையைத் தூக்கினான், என்னைப் பார்த்ததும் என்ன நினைச்சானோ, போன்னுட்டான். எனக்குள்ள இருந்ததெல்லாம் அந்தக் குழாய் வழியாப் போன மாதிரி இருந்தது. பல வருஷமா நான் இவ்வளவு சத்தம் போட்டதே இல்லை.

ஆபீஸ் காம்பவுண்டு. மாடி வராந்தாவுல எல்லாரும். டி.டி. சால்வையோட இறங்கி வந்தாங்க.

"யே க்யா ஹை செல்வி? டாங்க்?" இது என்ன, பீரங்கி வண்டியான்னு.

"ஜீப் மேடம். ஒரு குழாய் வெடிச்சிருக்கு. நாளைக்குக் கொடுத்து, இந்த வாரமே மாட்டிடுவேன்."

"யார் மாட்டுவா?"

"நான்."

மல்ஹோத்ரா பின்னாலேர்ந்து "காது டாக்டரையும் கூட அனுப்பணும் மேடம்"னான். இந்தத் தடவை நான் சிரிக்கலை. டி.டி. பியூனைக் கூப்பிட்டு, கோதுமை மூட்டையெல்லாம் பின்னாடி ஏத்தச் சொல்லி, பக்கத்து சீட்ல ஏறி உக்காந்து, "சலோ"ன்னாங்க. காம்பவுண்டைச் சுத்தி வந்தோம். இறங்கும்போது, "அடுத்த திங்கள்லேர்ந்து நீ ஃபீல்டு"ன்னு கத்திச் சொன்னாங்க. கத்தலேன்னா கேட்டிருக்காது.

சாயங்காலம் வீடு. சத்தம் கேட்டு எங்க லக்ஷ்மிபாய் நகரே பால்கனியில. வேப்பமரத்தடியில இவர், ஆபீஸ் பேன்ட்டோட, பக்கத்துல முந்தாநாள் கை குலுக்கினவங்க நாலஞ்சு பேர். கிட்ட வந்து கதவு இல்லாத பக்கத்துல கையை வெச்சார்.

"சரி, இறங்கு. ரிவர்ஸ் எடுத்து நிறுத்த உனக்கு வராது. நான் நிறுத்தறேன்."

இறங்கலை.